பின்பக்கத் தகரம்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒவ்வொரு சொல்லிலும் எந்த எழுத்து வரும் என்று நின்று யோசித்தால் ஒரு வரிகூட நகராது. அதனால் வந்தபடி எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு திருத்தி வாசிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்து மண்டபத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்தான் இதை எழுதச் சொன்னார். ஹெந்தளைக் கடற்கரையில் பலகையாலும் தகரத்தாலும் தாங்களே வீடு போட்டுக்கொண்டு இருக்கிற சனங்களுக்கு, அதிகம் செலவில்லாமல் காற்றில் இருந்து வீட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று வாசித்துக் காட்ட வேண்டுமாம். அங்கே நான் நாலைந்து வீடுகள் கட்டிக் கொடுத்ததை ஆரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"வந்து கதைக்கச் சொன்னால்தானே உங்களுக்குக் கூச்சம். எழுதுறதுக்கு என்ன கூச்சம்? ஆருக்கும் முகம் காட்டத் தேவையில்லையே" என்று சொல்லிக் கொப்பி ஒன்றும் பேனை ஒன்றும் தந்தார்.

அது போன வருடம். கொப்பி இவ்வளவு நாளும் என் பெட்டிக்குள் கிடந்தது. கட்டுவதைப் பற்றி மட்டும் என்றால் இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் அக்காவின் வீடுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டு இதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்காவின் வீடு வெள்ளவத்தையில் இருக்கிறது. காலி வீதியில் இருந்து ஒழுங்கையால் இறங்கி, மாடி வீடுகளைத் தாண்டி, ரயில் பாதையையும் கடந்தால் கறுப்புப் பாறைகளும் கடலும். தண்டவாளத்துக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு கீற்று மண். அந்தக் கீற்றில் பதினொரு வீடுகள் வரிசையாக நின்றன. தமிழரும் சிங்களவரும் கலந்து இருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் வாசல் தண்டவாளத்தைப் பார்க்கும். முதுகு கடலுக்கு. ரயில் போகும்போது சுவரில் கொழுவியிருக்கும் அகப்பைகள் ஆடும். ரயில் போய்க் கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் கடல் சத்தம் திரும்பக் கேட்கும்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். அக்காவை மட்டும் அப்பா தன் ஊருக்கே கட்டிக் கொடுத்தார். சண்டை அங்கே முற்றியபோது அக்காவும் அத்தானும் சின்னப் பிள்ளையோடு வள்ளத்தில் கடல் நீரேரியைக் கடந்து, பிறகு லொறியிலும் பஸ்ஸிலும் கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். வள்ளத்தில் தண்ணீர் ஏறியபோது அத்தானின் பை போய்விட்டது. அடையாள அட்டை அதற்குள்தான் இருந்தது. புதிதாக எடுக்க, பிறந்த ஊரில் இருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். அந்த ஊரில் கடிதம் கொடுக்க ஆள் இல்லை. ஊரே இல்லை.

அட்டை இல்லாத வடக்கு ஆணுக்கு அந்த நாட்களில் கொழும்பில் ஆரும் அறை வாடகைக்குக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் அவர்களையும் சேர்த்துப் பிடிப்பார்கள். அப்படித்தான் அந்தக் கீற்று மண்ணில் அத்தானும் நானும் பலகையும் தகரமும் பொறுக்கி ஒரு வீடு போட்டோம்.

அத்தான் வெளியே இறங்குவதில்லை. அக்கா இடியப்பம் அவித்து மாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அத்தான் விடியமுன்னம் எழும்பி இடியப்ப உரல் பிழிவார். இரண்டு உள்ளங்கையிலும் உரலின் பிடி அழுத்திய இடம் காய்த்துப்போய் இருக்கும். "ஊரில மண்வெட்டி பிடிச்ச கை. இப்ப மாவோட மல்லுக்கட்டுது" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டுவார். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவார்.

அந்த வரிசையில் இருந்த தமிழ் வீடுகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பின்சுவரில் ஒரு தகரத்துக்கு ஆணி அடிக்க மாட்டார்கள். மேலே கயிற்றில் தொங்கும், கீழே உள்ளுக்குள் ஒரு கல்லைச் சாத்தி வைத்திருப்பார்கள். சோதனைக்கு வருகிற ஆமிக்காரரும் பொலிசும் தண்டவாளப் பக்கத்தால்தான் வருவார்கள். வந்தால் கல்லைக் காலால் தள்ளி, தகரத்தைத் தூக்கி, பாறைகளுக்குள் போய் இருந்துவிடலாம். அவர்கள் போன பிறகு நனைந்த காற்சட்டையோடு திரும்பி வரலாம். அத்தான் அந்தத் தகரத்தால் ஐந்தாறு முறை போய் வந்திருக்கிறார்.

வருகிற செய்தியைச் சொல்லுகிறவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. அவரிடம் ஓர் ஆடு இருந்தது. தண்டவாளத்தில் சப்பாத்துக்கால்களைக் கண்டால் அவர் ஆட்டைப் பிடித்து ஏசத் தொடங்குவார். "அடோ எளுவோ!", அடேய் ஆடே என்று தொடங்கி அதன் தாய் தகப்பன் வரைக்கும் போவார். ஆடு தன்பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும். "அந்த ஆடு எனக்காக வாங்கின பேச்சுக்கு நான் அதுக்கு ஒரு கோயில் கட்டவேணும்" என்பார் அத்தான்.

ஆனால் வைகாசியில் காற்று கடல் பக்கத்தால் வரும். அந்தத் தகரமும் கடல் பக்கம்தான்.

முதல் வருடக் காற்றில் அது நடந்தது. பின்தகரம் விரிந்து காற்று உள்ளே புகுந்தது. புகுந்த காற்றுக்கு வெளியே போக வழியில்லை. கூரையைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்டவாளத்துக்கு அப்பால் போட்டது. மேலே பாரம் இருக்கட்டும் என்று அத்தான் ஏற்றி வைத்திருந்த கற்கள் உள்ளே விழுந்தன. ஒரு கல் பிள்ளையின் பாய்க்குப் பக்கத்தில் விழுந்தது. பிள்ளைக்குப் பிறவியிலேயே மூச்சு இழுப்பு. ஒரு பகலும் ஓர் இரவும் நனைந்ததில் நெஞ்சில் சளி பிடித்து, மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தது. அத்தானால் போய்ப் பார்க்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அட்டை கேட்பார்கள்.

அடுத்த வருடம் சித்திரை முடியும்போதே அக்கா என்னிடம் சொன்னாள். "தம்பி, இந்த முறை கூரை போகக்கூடாது. பிள்ளை இன்னொருக்கா நனைஞ்சால் தாங்காது. நீ கப்பல் சாமான் கட்டுறவன்தானே. இதைக் கட்டித் தா."

துறைமுகத்தில் என் வேலை அதுதான். மரப்பெட்டிகளை அசையாமல் இறுக்கிக் கட்டுவது. ஆடுகிற ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியையும் ஆட்டும், பிறகு எல்லாம் போகும். வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது.

ஹெந்தளையில் இதைக் கேட்கிறவர்களுக்கு நான் செய்ததை இங்கே சொல்லுகிறேன். முதலில் கூரையில் இருந்த கற்களை எல்லாம் இறக்கினேன். கூரைக்கு மேலே பாரம் வைப்பதால் பிரயோசனம் இல்லை. கூரையைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். மூலைத் தூண் நாலையும் ஒவ்வொன்றாகக் கிளப்பி, முழங்கை இரண்டளவு ஆழம் தோண்டி, தூணின் அடியில் ஒரு குறுக்குக் கட்டையை ஆணியடித்துத் திரும்ப இறக்கி, கல்லும் மண்ணும் போட்டு இடித்தேன். குறுக்குக் கட்டை இருந்தால் காற்று தூணைப் பிடுங்க இழுக்கும்போது மேலே இருக்கும் மண் முழுவதையும் தூக்க வேண்டும். மண்ணுக்குள் போகும் பாகத்துக்குப் பழைய என்ஜின் எண்ணெய் பூசினேன். ஒவ்வொரு மூலையிலும் சாய்வாக ஒரு பலகை அடித்தேன். நாலு மூலைச் சட்டம் தள்ளினால் சரியும், சாய்வுப் பலகை அடித்துவிட்டால் சரியாது.

பிறகு இரும்புப் பட்டி. துறைமுகத்தில் பெட்டிகளைச் சுற்றி வரும் பட்டியை அறுத்து எறிந்துவிடுவார்கள். அதை மேற்பார்வையாளரிடம் கேட்டு எடுத்தேன். கூரை மரத்துக்கு மேலால் போட்டு இரண்டு பக்கமும் தூணோடு மடித்து ஆணியடித்தால், கூரையும் தூணும் ஒரே உடம்பாகிவிடும். பட்டி போதாத இடத்தில் கம்பியை இரண்டு சுற்றுப் போட்டு, நடுவில் ஒரு தடியைக் கொடுத்து முறுக்கினேன்.

தகரத்துக்கு ஆணியை மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். வெறும் ஆணியென்றால் காற்று தகரத்தை ஆணித் தலைக்கு மேலால் கழற்றிவிடும். அதற்குச் சோடா மூடி போதும். அக்கா கடைகளில் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அத்தான் வீட்டுக்குள் இருந்தபடி ஒவ்வொன்றாகத் தட்டையாக்கினார். தேய்ந்த செருப்பை வெட்டி மூடிக்குக் கீழே ஒரு ரப்பர்த் துண்டு வைத்து அடித்தோம். ஓரத் தகரங்களுக்கு மேட்டுக்கு மேடு அடிக்க வேண்டும், காற்று ஓரத்தில்தான் விரலை விடும். வாசல் தாழ்வாரத்தைக் கூரையோடு சேர்க்காமல் தனியாகக் கட்டினேன். அது போனாலும் வீட்டுக் கூரையைக் கூட்டிக்கொண்டு போகாது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. இன்னும் முன்னமே முடிந்திருக்கும். முதல் ஞாயிறு பட்டியையும் கம்பியையும் சாக்கில் கட்டிக்கொண்டு போனபோது காலி வீதியில் சோதனையில் நிற்பாட்டினார்கள். கம்பியோடு ஒரு தமிழன். நான் வீட்டில் இருந்தே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போன சிங்களம் வாயில் வரவில்லை.

"மே மொகடத?" இது எதற்கு என்று கேட்டான் ஒருவன்.

"கெதர... பந்தின்ன" என்றேன். வீடு கட்டிப் போட என்று.

"கெதர துவனவாத?" வீடு ஓடுதா என்று கேட்டு அவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் மதிலோரம் குந்தியிருந்தேன். அதன் பிறகு அக்கா தன் இடியப்பக் கூடையின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியைக் கொண்டுவந்தாள்.

அத்தானிடம் இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவன் கேட்டது சரிதானே மச்சான்? போன வருஷம் ஓடின வீடுதானே இது!"

கட்டக் கட்ட வரிசையில் இருந்தவர்கள் வந்து நின்று பார்த்தார்கள். சிங்கள அம்மா தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "மல்லி, அபே கெதரத் பந்தின்ன கோ" என்றார். தம்பி, எங்கள் வீட்டையும் கட்டித் தாயேன் என்று. அடுத்த மாதம் செய்து தருகிறேன் என்றேன்.

"பெரிய கப்பல் கட்டுற மாதிரி இறுக்கிறீர். ஒரு நாளைக்கு வீட்டோட சேர்த்து எங்களையும் ஏத்தி அனுப்பப் போறீர்" என்றார் அத்தான்.

"அனுப்பினால் நல்லதுதானே" என்றாள் அக்கா உள்ளே இருந்து.

கடைசியில் மிச்சம் இருந்தது பின்பக்கத் தகரம். நான் அதற்கு முன்னால் பட்டியோடு நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது.

"அத்தான், இதைத் திறந்து விட்டால் மற்றக் கட்டு எல்லாம் வீண். காத்து இதாலதான் உள்ளுக்கு வரும். வந்தால் கூரையை உள்ளுக்குள்ள இருந்து தூக்கும்."

"விளங்குது மச்சான். ஆனா இது எங்கட கதவு."

"ஓம்."

"நீர் இப்பிடிச் செய்யும். காத்து வாற நேரம் பாத்துக் கட்டும். ரெண்டு மூண்டு நாள்தானே. ஆனா கட்டிற அண்டைக்கு எனக்கொரு சொல்லுச் சொல்லிப்போடும். நான் அந்த ரெண்டு நாளும் உம்மட அறையில வந்து கிடக்கிறன். கொட்டாஞ்சேனையில இருந்து மழையைப் பாப்பம்."

"சரி அத்தான்" என்றேன்.

அவ்வளவுதான் அவர் கேட்டது. ஒரு சொல்.

ஒரு வெள்ளிக்கிழமை வானொலியில் காற்று வரப்போவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. ஞாயிறு பின்னேரம் நான் பட்டியும் கம்பியும் கொண்டு போனேன். அத்தான் பின்சுவரோரம் பாய் போட்டு நித்திரை. விடியப்புறம் எழும்புகிறவர், பின்னேரம்தான் தூங்குவார். பிள்ளையும் அவருடைய கையில் தலையை வைத்துத் தூங்கியது.

"எழுப்பாதை. பிந்தித்தான் படுத்தவர். நீ வெளியால கட்டு" என்றாள் அக்கா.

நான் பாறைப் பக்கமாகப் போனேன். ஆணி அடித்தால் எழும்பிவிடுவார்கள் என்று, சுத்தியலைத் தொடாமல் பட்டியைத் தகரத்துக்குக் குறுக்காக இரண்டு தூணிலும் சுற்றி, கம்பியால் முறுக்கினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று. குறட்டால் கடைசி முறுக்கும் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. நல்ல கட்டு. சத்தமே இல்லாமல் கட்டியதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கல் இருந்த இடத்தில் கல் இருந்தது.

நான் முன்பக்கம் வந்தபோது வீட்டில் ஒரு அம்மா வந்து நின்றார். மாடி வீட்டுக்காரர். கணவர் கந்தோரில் பெரிய வேலை. மகளுக்கு ஏதோ விசேஷம், இடியப்பம் நிறைய வேண்டும் என்று சொல்ல மழைக்கு முன்னம் இறங்கி வந்திருந்தார். பேச்சுச் சத்தத்தில் அத்தான் எழும்பி உள்ளுக்குள் இருந்தார். அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்தாள். படித்தவர்கள் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதுவும் தகரத்தைப் பற்றி, அத்தான் ஓடுவதைப் பற்றி, அந்த அம்மாவுக்கு முன்னால் எப்படிச் சொல்லுவது? அவர் போகட்டும் என்று இருந்தேன். அவர் போகவில்லை. தேத்தண்ணி முடிந்தது. வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "இவர் ஆர்? உங்கட தம்பியோ? ஒண்டும் கதைக்க மாட்டாரோ?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. எழும்பினேன்.

"வாறன் அத்தான்."

"ஓம் மச்சான், நனையாமல் போம்" என்றார் அவர் உள்ளே இருந்து.

பஸ்ஸில் போகும்போது நினைத்தேன், அக்காவுக்குத் தெரியும், அக்கா சொல்லுவாள் என்று. தம்பி போகும்போது சொல்லியிருப்பான் என்று அக்கா நினைத்தாள்.

காற்று அன்றைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணியளவில் சோதனைக்கு வந்தார்கள்.

நான் அங்கே இருக்கவில்லை. துறைமுகத்தில் இருந்தேன். அக்காவும் இருக்கவில்லை, இடியப்பம் கொடுக்கப் போயிருந்தாள். அங்கே இருந்தவர் சிங்கள அம்மா. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவர் ஆட்டை ஏசியிருக்கிறார். அன்றைக்கு வழமையைவிடச் சத்தமாக. மற்ற வீடுகளில் தகரங்கள் திறபட்ட சத்தம் கேட்டதாம். அக்காவின் வீட்டில் கல் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு தகரத்தில் ஒரு அடி. பிறகு இன்னொன்று. மூன்றாவது அடி உடம்பால் மோதியது போல இருந்தது என்றார். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாசல் தாழ்வாரத்தால் எட்டிப் பார்த்தபோது அத்தான் சட்டையை மாற்றிக்கொண்டு, பிள்ளையை அவருடைய கையில் கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றாராம். கொடுக்கும்போது சிங்களத்தில் ஒரு சொல் சொன்னார். "பலாகன்ன." பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டை இல்லை. அவரோடு இன்னும் மூன்று பேரை லொறியில் ஏற்றினார்கள். அந்த மூன்று பேரும் அடுத்த கிழமை திரும்பி வந்தார்கள். அவர்களை ஓர் இடத்திலும் அத்தானை வேறோர் இடத்திலும் இறக்கினார்களாம். எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் பின்னேரம் போனபோது அக்கா வீட்டுக்குள் பின்சுவரைப் பார்த்தபடி இருந்தாள். தகரத்தில் நடுவில் ஒரு நெளிவு இருந்தது. தோள் அளவு.

"நீ அவரிட்டச் சொல்லேல்லையா தம்பி?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு நினைச்சன்."

அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்கும் அதற்குப் பிறகும் எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த கதை அவ்வளவுதான். அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசினால் நல்லது என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். பிள்ளைதான், அப்போது அதற்கு ஐந்து வயது, என்னிடம் வந்து சொன்னது. "மாமா, அப்பா தள்ளினவர். தகரம் கேக்கேல்லை."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் காற்று வந்தது. நாங்கள் இரண்டு பேரும் காலையில் இருந்து ஒவ்வொரு காவல் நிலையமாகக் கேட்டுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். ஒரு மணித்தியாலத்துக்குள் வரிசையில் ஐந்து கூரைகள் போயின. தகரங்கள் தண்டவாளத்துக்கு மேலால் பறந்தன. சிங்கள அம்மாவின் வீடு முழுதாகச் சரிந்தது. எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்குள் வந்தார்கள். ஆடும் வந்தது. இருபது பேருக்கு மேலே அந்தச் சின்ன வீட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். தூண்கள் முனகின. பட்டிகள் இழுபட்டுச் சத்தம் போட்டன. கூரையில் ஒரு ஆணிகூட அசையவில்லை. பின்பக்கத் தகரத்தில் கடல் தண்ணீர் வந்து வந்து அடித்தது. அது ஒரு சொட்டும் உள்ளே விடவில்லை.

"என்ன கட்டுத் தம்பி இது! நீ இல்லாட்டி நாங்கள் எல்லாரும் போயிருப்பம்" என்றார் ஒரு பெரியவர். என் முதுகில் தட்டினார். இன்னொருவர் தன் வீட்டையும் இப்படிக் கட்டித் தரும்படி கேட்டார். அக்கா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள். எனக்கு அந்த இடத்தில் இருந்து எழும்பி வெளியே காற்றுக்குள் போய்விட வேண்டும் போல் இருந்தது. போக இடமில்லை. கதவைத் திறந்தால் வீடு போய்விடும் என்று எனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

அதன் பிறகு அக்கா போகாத இடம் இல்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சிறைச்சாலையின் பெயர் ஆரோ சொன்னார்கள், அங்கேயும் போனோம். எங்கும் அவருடைய பெயர் இல்லை என்றார்கள். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அக்கா விளக்கு வைப்பாள். இடியப்பத்தை இப்போது அவளே பிழிகிறாள். அவளுடைய கையிலும் காய்த்துவிட்டது.

நாலு மாதம் கழித்து ஒரு நாள் துறைமுகத்தில் பழைய மரப்பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதன் மூடியில் ஒரு மரத்துண்டு இருந்தது. நடுவில் ஒரே ஒரு ஆணி. குறுக்காகத் திருப்பினால் மூடி அசையாது, நேராகத் திருப்பினால் திறக்கும். எல்லா வீட்டுக் கோழிக்கூட்டிலும் இருக்கிற சாமான். நான் சின்ன வயதில் இருந்து பார்த்த சாமான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். தகரம் உள்ளே சாய்ந்தால் தாங்கும் இரண்டு சட்டம், திருப்ப நாலு மரத்துண்டு, நாலு ஆணி. காற்று எவ்வளவு தள்ளினாலும் தகரம் சட்டத்தில் போய் இருக்கும். உள்ளே நிற்கிறவன் ஒரு கையால் திருப்பிவிட்டுப் போய்விடலாம். கம்பியும் வேண்டாம், பட்டியும் வேண்டாம், ஒருவருக்கும் ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

மேற்பார்வையாளர் வந்து என்ன வருத்தமா என்று கேட்டார். தலையிடி என்றேன்.

அந்த ஞாயிறே போய் அதைச் செய்தேன். பட்டியை அறுத்தேன். நெளிந்த தகரத்தை மாற்றப் போனபோது அக்கா விடவில்லை. நெளிவோடேயே சட்டம் அடித்து மரத்துண்டுகளைப் பூட்டினேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

"இது உள்ளுக்கு இருந்துதானே திறக்கலாம்?"

"ஓம்."

"வெளியால இருந்து?"

எனக்கு விளங்கவில்லை. வெளியால் ஏன் என்று கேட்டேன்.

"அவர் வந்தால் முன்பக்கத்தால வரமாட்டார் தம்பி. அட்டை இல்லையே."

நாலு துண்டு வேண்டாம், ஒரே கயிற்றில் எழும்புகிற மாதிரி ஒரு நீளக் கட்டையாக மாற்றினேன். ஆணியால் தகரத்தில் ஒரு துளை போட்டு, கட்டையில் இருந்து ஒரு நூல்கயிற்றை அதற்குள்ளால் வெளியே விட்டு, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டேன். வெளியே நின்று இழுத்தால் கட்டை எழும்பும், தகரம் திறக்கும். துளையால் மழை வராமல் செருப்பு ரப்பரில் ஒரு துண்டு வெட்டி வைத்தேன். அக்கா பாறைப் பக்கம் போய் நின்று இழுத்துப் பார்த்தாள். திறந்தது. மூடிவிட்டு இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

சிங்கள அம்மாவின் வீட்டைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். ஹெந்தளையிலும் எல்லா வீட்டுக்கும் காற்றடிக்கிற பக்கத்தில் உள்ளே இருந்து ஒரு கையால் திறக்கிற கட்டை வைக்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் தீப்பிடித்தால் வெளியே வர என்று சொல்லுங்கள். கட்டி முடித்த அன்றைக்கே வீட்டில் இருக்கிற எல்லாரையும் எழுப்பி, தூக்கத்தில் இருந்தாலும் எழுப்பி, எங்கே எதைக் கட்டியிருக்கிறது என்று சொல்ல வேண்டும். வந்த விருந்தாளி இருந்தாலும் சொல்ல வேண்டும். இதுதான் நான் எழுத வந்தது.

கடற்காற்றின் உப்புக்கு நூல்கயிறு ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொரு வருடமும் காற்றுக் காலம் தொடங்கும்போது போய்ப் புதுக் கயிறு போடுகிறேன். இந்த வருடம் எனக்குக் காய்ச்சல், பிந்திவிட்டது. இன்று காலைதான் போனேன். பிள்ளை வளர்ந்துவிட்டாள், பத்து வயது. கயிற்றின் நுனியை உள்ளே இருந்து அவள்தான் எனக்குத் துளையால் நீட்டினாள். நான் பாறையில் நின்று முடிச்சுப் போட்டேன். அக்கா வந்து இழுத்துப் பார்த்தாள்.

"முடிச்சைக் கொஞ்சம் பெரிசாய்ப் போடு தம்பி. இருட்டில வந்தாலும் கையில தட்டுப்படவேணும்" என்றாள்.

அவிழ்த்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அறைக்கு வந்து கொப்பியை எடுத்தேன்.

2001ஆம் ஆண்டு, யூன் மாதம் 10ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.